மாமியார் கொடுத்த சேவல்

பஸ் நிற்பதற்குள் குதித்துவிட்டான்.

கையில் ஒயர் கூடை. கூடைக்குள் சேவல்.

ஓடினான். பொள்ளாச்சி இருக்கிற திசையில் அல்ல. வந்த வழியே, பறவைக்காய்ச்சல் சோதனைச்சாவடியைப் பார்த்து.

"யோவ், செக்போஸ்ட் அந்தப் பக்கம்தான்யா இருக்கு," என்றது ஜன்னலோரம் ஒரு குரல்.

மாட்டிக்கொள்ளத்தான் ஓடினான்.

கேரளத்திலிருந்து உயிருள்ள கோழி எதுவும் எல்லை தாண்டக் கூடாது. சாவடியிலோ சக்கரத்துக்கு மருந்தடித்துவிட்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், மாமியார் வீட்டில் வைத்தே அவரிடம் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்.

போன வருஷம் ஒரு பலாப்பழத்தை அப்படித்தான் வேண்டாமென்றான். எட்டு மாதம் அந்த அம்மாள் பேசவில்லை.

அவன் மனைவியும்தான்.

ஆகவே, சேவலைச் சட்டம் பிடுங்கியதாக இருக்க வேண்டும். அதற்கு ரசீது இருக்க வேண்டும்.

சாவடியில் கால்நடை ஆய்வாளர் தேன்மொழி. கையுறையை மாட்டிக்கொண்டு கூடையை வாங்கினாள்.

"காய்ச்சல் பரவுற நேரத்துல சேவலைத் தூக்கிட்டு பஸ்ல வர்றீங்க. பார்த்தா படிச்சவராட்டம் இருக்கீங்க."

"தப்புதானுங்க."

"மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க."

கழுவினான். முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"மாமியார் கொடுத்ததுங்க. ஒரு ரசீது..."

"தர்றேன். சேவலைக் கொடுத்தவங்களே வந்து திரும்ப வாங்கிட்டுப் போகட்டும். நம்பர் சொல்லுங்க."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

சொன்னான்.

தேன்மொழி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் போனிலிருந்து மாமியாரின் குரல் சாவடி முழுக்கக் கேட்டது.

"யாருகிட்டம்மா சட்டம் பேசறே? எங்க மாப்பிள்ளை உங்க ஆபீசுக்கே பெரிய டாக்டரு. திங்கக்கிழமைதான் மாத்தலாகி வந்திருக்காரு. கோழி வரக்கூடாதுன்னு ஆர்டர் போட்டதே அவருதான். அவரு கோழிய நீ எப்படிப் புடிப்பே?"

தேன்மொழியின் பேனா நின்றது.

மெதுவாக எழுந்தாள்.

அவன் பதறிப்போய்க் கையமர்த்தினான். போனைப் பொத்தச் சொல்லி ஜாடை காட்டினான்.

"உக்காருங்கம்மா," என்றான், ரகசியமாக. "ரசீதை மட்டும் கொஞ்சம் கறாரா எழுதுங்க. அவங்க கண்ணாடி போட்டுப் படிப்பாங்க."