கீறல் இல்லாத பெட்டி

பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பெட்டி. குரல்களைப் பதிந்து, பூட்டி வைப்பதற்காக அவளே வடிவமைத்தது.

துளைத்தால் உள்ளே சுற்றியிருக்கும் முடி போன்ற கம்பி அறும். அறுந்த நொடியில் எல்லாம் அழிந்துவிடும். சூடாக்கினாலும் அழியும். உறைய வைத்தாலும் அழியும். அமிலம் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். கைதேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, உடைத்துக் காட்டுங்கள் என்று கொடுத்திருக்கிறாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள்.

எதிரே ஞானசெல்வம் உட்கார்ந்திருந்தார். நூற்பாலைப் பெண்களுக்காக அலைகிற சங்கத்துக்காரர். மில் மேலாளன் தங்களை என்ன செய்தான் என்று அந்தப் பெண்கள் பேசியதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வழக்குக்கு வேறு ஆதாரம் இல்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

"எந்தப் பக்கம் துளைச்சாங்க? எனக்குத் தெரியலையே" என்றாள்.

"பெட்டியத் தொடவே இல்ல மேடம். நான்தான் நம்பரப் போட்டுத் தொறந்து குடுத்தேன்."

அவள் பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். மில்லின் ஆட்கள் அவரைப் பஸ் நிலையத்தருகே வழிமறித்து ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அடிக்கவில்லை. 'சார்' என்றுதான் பேசினார்கள். ஒருவன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் மகளின் பள்ளிக்கூட வாசல். அங்கே இன்னொருவன் நின்று வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான். மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மகள் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

படம் அவளை நோக்கி நகர ஆரம்பித்தது.

"தப்பு நம்பர் போட்டா அழிஞ்சிரும்னு சொல்லிக் குடுத்திருந்தீங்க. ஞாபகம் இருந்துச்சு மேடம். கை கேக்கல."

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பேசிய பெண்கள் ஒவ்வொருவராக, நாங்கள் அப்படிச் சொல்லவேயில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பேச்சித்தாய் மட்டும் கொடுக்கவில்லை. அவளை மில் விடுதியிலும் காணோம், ஊரிலும் காணோம். அவள் அம்மா தினமும் ஞானசெல்வத்துக்குப் போன் செய்கிறாள். அவரும் எடுக்கிறார். என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்ல நினைத்தாள்.

பெட்டியின்மேலும் தப்பில்லை. சரியான எண்ணுக்குத் திறந்திருக்கிறது. இன்னும் தடித்த உலோகம் போடலாம். இன்னும் மெல்லிய கம்பி சுற்றலாம். எங்கே சுற்றுவது?

அவர் எழுந்தார். பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"வேற யாருக்காச்சும் குடுங்க மேடம். புள்ளகுட்டி இல்லாதவங்களாப் பாத்து."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகும் அவள் எழவில்லை. கண் எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது.

மதியத்துக்குமேல் பல்லடத்திலிருந்து வசந்தாமணி வந்தாள். பனியன் கம்பெனிப் பெண்களைப் பேசவைத்துப் பதியப் போகிறாள். அவளுக்கும் ஒரு பெட்டி வேண்டும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இத ஆராலயும் உடைக்க முடியாதுன்னு சொன்னாங்க. நெசமாங்க மேடம்?"

"உடைக்க முடியாது."

வழக்கமாக, பூட்டு எண்ணை எப்படிப் போடுவது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பாள். இன்று புதுப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

வசந்தாமணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இருங்க, காட்டறேனுங்க" என்று பைக்குள் கைவிட்டுப் போனைத் தேடினாள்.