மூணாவது ஆள்

"மூணாவது ஆள் எங்கேய்யா?"

நகராட்சி இன்ஜினியர் கத்தியது நான் ரோட்டைத் தாண்டும்போதே கேட்டது. அவர் எதிரில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற மகானுபாவர் என் வீட்டுக்காரர். சிற்பி.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எனக்கு வேலை. நாள் பூரா நின்றபடி ஈரத்துணி அள்ளி, முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. பஸ் வருகிறவரைக்கும் உட்காரலாம் என்றால், எதிரே இருந்த பெஞ்சுகளையெல்லாம் சதுக்கத்தை அழகாக்குகிறோம் என்று பிடுங்கிப் போட்டாச்சு. படியில் குந்தினால்கூட காவலாளி விசில் ஊதுவார். அந்த அழகுக்குத்தான் இந்தக் கற்சிலை.

"மூணு தொழிலாளி வரிசையா உட்கார்ந்திருக்கணும்னுதானே சொன்னோம்? இந்த ஓரத்துல ஒருத்தன், அந்த ஓரத்துல ஒருத்தி, நடுவுல ஒண்ணையும் காணோம்! ஆளுங்களைச் சொரசொரன்னு விட்டுட்டு, வெறும் இடத்துக்குப் பளபளன்னு பாலிஷ் வேற!"

இவர் அந்த வெறும் இடத்தில் படிந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"இப்பவே பதில் சொல்லு. இல்லேன்னா கிரேன் தூக்கிட்டுப் போயிடும். அப்புறம் இந்த ஊர்ல ஒரு கல்லையும் நீ தொட முடியாது."

பக்கத்தில் கிரேன் உறுமிக்கொண்டு நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் பூரா வீடெல்லாம் கல்தூசி. என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன் என்று உட்கார்ந்தால்கூட, பாதியில் டேப்பை எடுத்து என் காலை அளந்துகொண்டிருப்பார். அப்படி ஒரு கல் பைத்தியம். இந்த லட்சணத்தில் வேலையும் அரைகுறை.

"ஏங்க, சார் கேக்கறாருல்ல? தப்புதான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பாவது கேளுங்களேன்! இந்தக் கால் வலியோட உங்க மானம் போறதையும் நான் நின்னு பாக்கணுமா?"

அவர் என் காலைப் பார்த்தார்.

"நிக்க வேணாம். உட்காரு."

"எங்கே, உங்க தலையிலயா?"

நடுவில் இருந்த வெறும் இடத்தைக் காட்டினார். போங்கடா என்று ஆத்திரத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் என் கால் அந்தரத்தில் தொங்கும். அவ்வளவு குள்ளம் நான். இங்கே இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. பக்கத்துக் கல் மனுஷியின் தோள், தலை சாய்க்கிற உயரத்தில் இருந்தது.

டேப்!

அடப்பாவி மனுஷா! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

காவலாளி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஊதாதீங்க. படியில உட்கார்ந்தாத்தானே ஊதணும்? இது சிலை" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "மூணாவது ஆள் இதோ சார். இப்பத்தான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்திருக்கா."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தார். காலையிலிருந்து வெயிலில் நிற்கிற அவரும் கால் மாற்றித்தான் நின்றார்.

கிரேன்காரரைப் போகச் சொல்லிக் கை காட்டினார். அப்புறம் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"பஸ் வந்து நீங்க எழுந்திரிக்கும்போது சொல்லுங்கம்மா. நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்."