லாரிப் புழுதி

ஏசி சர்வீசுக்கு வந்த லியோ நாற்காலிமேல் ஏறி ஃபில்டரை உருவுகிறான். வலைக்கண்ணே தெரியாமல் வெள்ளையாக அப்பியிருக்கிறது. "பாத்தியா? அம்புட்டும் குவாரி லாரிப் புழுதி. இதுக்குத்தான் சன்னலத் தொறக்காதேங்கிறது" என்று உதயசூரியன் மனைவியிடம் குரலை உயர்த்துகிறார். செல்லக்கிளி, சித்திரையிலிருந்து சாத்தியே கிடக்கும் சன்னல் கண்ணாடிக்கு வெளியே, தான் வளர்த்த புங்கமரம் சத்தமில்லாமல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். லியோ கட்டைவிரலால் கொஞ்சம் சுரண்டி மோந்து பார்க்கிறான். புருவம் ஏறுகிறது. "அக்கா, இங்கிட்டு வாங்க. நீங்களே மோந்து பாருங்க." கும்மென்று சந்தன வாசம். "ஏண்ணே, லாரியில சந்தனமா ஏத்திட்டுப் போறாங்க?" என்கிறான் லியோ. இருவர் கண்ணும் ஒருசேரத் திரும்புகின்றன. ஏசிக்குக் கீழே, நாற்காலியை ஒட்டிய நிலைக்கண்ணாடி முன்னால், குளித்த ஈரம் காயாமல் நிற்கிறார் உதயசூரியன். கழுத்து, மார்பு, தோள் எல்லாம் பவுடர் வெள்ளை. கையில் இன்னும் மூடாத டப்பா. "புழுக்கத்துக்குக் கொஞ்சூண்டு..." என்று டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். செல்லக்கிளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நேராகப் போய்ச் சன்னல் கொக்கியைத் தூக்குகிறாள். புங்கங்காற்று குபுக்கென்று உள்ளே வர, அவர் தோளிலிருந்து கிளம்புகிறது குவாரிப் புழுதி.