மழை சொல்லும் குரல்

கிட்ட வாங்க கண்ணுங்களா, கால் நனையாம பலகை மேல ஏறி உட்காருங்க. ஒரு மழைநாளை உங்க கண்ணு முன்னால நிறுத்துறேன்.

கார்த்திகை மாதம், பஃபலோ ரோட்டுப் பின்சந்து. பிற்பகலே இருட்டிக் கிடக்கிறது. நூருல் அமீனின் டீக்கடையில் ரேடியோவின் பச்சைக் கண் மட்டும் எரிகிறது. ஈர முந்தானையைப் பிழியக்கூட மறந்து அதன் முன்னால் நிற்கிறாள் அஞ்சலை. வானிலை வாசிப்பது அவள் மகன் பாலு. கல்யாணம் முடிந்ததும் ஊரின் மறுகோடியில், காத்தோங்கிலுள்ள மாமியார் வீட்டோடு போனவன், இரண்டு தீபாவளியாக இந்தச் சந்துக்கு வரவில்லை. "இவ்வாரம் முழுவதும் இடியுடன் கனமழை பெய்யும். தாழ்வான இடங்களில் வசிப்போர் பொருள்களை மேட்டில் வைத்துக்கொள்ளவும்," என்கிறது குரல். "பாத்தியா, எனக்குத்தான் சொல்றான்," என்கிறாள் அஞ்சலை. அமீன் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "ஊருக்கே சொல்றான்லா அக்கா. உங்க கூரை ஒழுகுதான்னு கேட்டானா?" என்கிறார். சாக்கடை நிரம்பி, பழுப்புத் தண்ணீர் கடைப்படியேறி அவள் கணுக்காலைச் சுற்றுகிறது; யாருடையதோ ஒற்றைச் செருப்பு மிதந்து போகிறது. "வணக்கம்" என்று குரல் முடிகிறது. "சரிப்பா, அரிசி மூட்டையைக் கட்டில் மேல தூக்கி வச்சுடறேன்," என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு, தண்ணீரில் காலால் துழாவியபடி நடக்கிறாள். மூட்டையின் மறுமுனையைப் பிடிக்க அந்த வீட்டில் ஆளில்லை. அமீன் ரேடியோவை அணைக்கிறார்.

போய் வாங்க செல்லங்களா. மழை வருதுன்னு சொல்ற பிள்ளை, குடையோட வாசல்ல வந்து நிக்கிற வீடா உங்க வீடு இருக்கட்டும்.