விட்டுப்போன வரி

“திண்டிவனத்துலேர்ந்து போன் வந்துச்சாடி?” அடுப்படியிலிருந்து பாஞ்சாலி மறுபடியும் கேட்டாள்.

“கேட்டுக்கினே இருந்தா வந்துடுமாம்மா? சேதி வெச்சிருக்கறவங்கதான் சொல்லணும்.” சங்கவி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்தப் புரோகிராமும் அப்படித்தான். அப்சர்வர் பேட்டர்ன்னு பேரு. ஸ்கூல் வேன் லேட்டானா, பதிஞ்சு வெச்ச நம்பருக்கெல்லாம் தானா மெசேஜ் போகும்.”

“போவுதா?”

“அதான் போகலை. நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரே பேஜாரு.”

“பொண்ணு பாத்துட்டுப் போயி ஒரு வாரம் ஆவுது. தேவா நல்ல பையன். கைநழுவிடும் போலிருக்கே!”

போன் அடித்தது. பாஞ்சாலி ஓடிப்போய் எடுத்தாள். பேசப் பேச அவள் முகம் மாறியது.

“பையனோட அம்மாடி. அவங்களும் ஒரு வாரமா போனையே பாத்துக்கினு இருக்காங்களாம். தனியா பேசினப்பவே தேவா சம்மதம் சொல்லிட்டாராமே! ‘யோசிச்சு நானே சொல்றேன்’னது நீதானாமே?”

சங்கவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அன்னைக்கே சரின்னு முடிவு பண்ணிட்டேம்மா. சொல்லிட்டேன்னே நெனச்சுக்கினு இருந்தேன்.”

சட்டென்று திரையைப் பார்த்தாள். வேன் லேட் என்பது பதிவாகியிருந்தது. அதைச் சொல்லி அனுப்பும் வரியைத்தான் எழுதவே இல்லை.

“மொதல்ல போனைக் குடும்மா,” என்றாள்.