ஆயிலில் தண்ணீர்

“ஆயில்ல தண்ணி இறங்கியிருக்குப்பா. என்னன்னு பாரு” என்றார் படகுக்காரர்.

அவருடைய விசைப்படகை இன்னொரு படகில் கட்டி இழுத்து வந்து கடலோரப் பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். என்றைக்கும் இல்லாத அதிசயமாக அவர் மனைவியும் வந்து ஓரமாக நின்றார்.

மெக்கானிக்குக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. போன மாதம்தான் அந்த எஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்டிக் கொடுத்திருந்தான். அதற்குள் தண்ணீர் இறங்கினால் கெட்ட பெயர் யாருக்கு?

“என் வேலையில குறை இருக்காதுண்ணே. நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“எனக்கென்ன தெரியும்? வாரம் பூரா சவாரி இருக்கு. பார்த்து வை, ஒரு டீ குடிச்சிட்டு வரேன்.” அவர் போய்விட்டார்.

மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். தண்ணீர் கலந்த ஆயில், பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்திருக்கும். இது தேன் மாதிரி பளபளவென்று இருந்தது. சந்தேகத்தோடு கைப்பம்பின் குழாயை அடிவரை விட்டு உறிஞ்சினான். முதலில் வந்தது பச்சைத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் ஆயில்.

அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் ஒரு கரண்டியில் பிடித்து அடுப்பில் காட்டினான். கடல் தண்ணீர் என்றால் வற்றியதும் உப்புப் பூக்கும். கரண்டி துடைத்த மாதிரி இருந்தது.

“அக்கா, இது கடல் தண்ணியே இல்ல. வீட்டுக் குழாய்த் தண்ணி. யாரோ மூடியைத் திறந்து வேணும்னே ஊத்தியிருக்காங்க. அண்ணனுக்கு ஆகாதவங்க யாராவது இருக்காங்களா?”

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

“நான்தான் ஊத்தினேன் தம்பி. ஒரு சொம்பு.”

மெக்கானிக் கணக்கில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஊற்றுவதும் ஒருவர் சாப்பாட்டில் விஷம் வைப்பதும் ஒன்று.

“உங்களுக்குச் சோறு போடற எஞ்சின்க்கா இது!”

“சோறு திங்க ஆள் வேணுமே தம்பி.”

படகைப் பார்த்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

“நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆச்சு. ஆபரேஷனுக்கு மூணு தடவை தேதி கொடுத்தாங்க. மூணு தடவையும் சவாரி இருக்குன்னு தட்டிக் கழிச்சிட்டாரு. அழுது பார்த்தேன், சாப்பிடாம கிடந்து பார்த்தேன். மனுஷன் அசையலை. அடுத்த தேதி நாளன்னைக்கு. இந்தப் படகு ஓடற வரைக்கும் அவர் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டாரு.” புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எஞ்சின் கெட்டுப் போயிருக்குமா?”

“ஓட்டினாத்தான்க்கா கெடும். எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு, நாலு தடவை புது ஆயில் விட்டுக் கழுவினா சரியாப் போயிடும்.” அவன் கோபம் போன இடம் தெரியவில்லை.

படகுக்காரர் திரும்பி வந்தார். “என்னப்பா சொல்லுது?”

முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைத்துப் பாதி வாடிக்கையாளர்களைப் பகைத்துக்கொண்டவன் மெக்கானிக். இன்று கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“கேஸ்கட் போயிடுச்சுண்ணே. வெளியூர்லேர்ந்து வரணும். இருபது நாள் ஆகும். ஒரு மாசம்கூட ஆகலாம்.”

“நாசமாப் போச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார் படகுக்காரர். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். “படகும் இல்லாம வீட்டுல உட்கார்ந்து மோட்டுவளையை எண்ணவா முடியும்? உன் ஆபரேஷன் தொல்லையையாவது முடிச்சுத் தொலைக்கிறேன். போய்ப் பையை எடுத்து வை.”

அந்த அம்மாள், நின்றால் முகத்துச் சந்தோஷம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தவர் போல வேகமாக நடந்தார்.

முரட்டு மனுஷனை ஏமாற்றிவிட்ட திருப்தியில் மெக்கானிக் பம்பைத் துடைக்க உட்கார்ந்தான். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது.

“அண்ணே, எஞ்சினைக் கடைசியா எப்ப ஓட்டினீங்க?”

“நேத்து சாயங்காலம். நல்லாத்தான் ஓடிச்சு.”

“இன்னைக்கு?”

“தொடவே இல்ல.”

“ஓட்டியிருந்தா ஆயில் வெளுத்திருக்கும். வெளுக்கலை. கம்பியை எடுத்துப் பார்த்தாலும் தெரியாது, தண்ணி அடியில கிடந்துச்சு. அப்புறம் எப்படி ஆயில்ல தண்ணின்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க?”

படகுக்காரர் தெருவைப் பார்த்தார். மனைவி திருப்பம் தாண்டிப் போய்விட்டார் என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“காலையில வீட்டு ஜன்னல் வழியாப் பார்த்தேன்பா. அவளுக்குத் தண்ணின்னாலே நடுக்கம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல என் படகுல ஒரு நாள் கால் வச்சதில்ல. அவ, ஒரு கையில சொம்பைப் பிடிச்சுக்கிட்டு, படகுக்குப் போற ஆடற பலகையில உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து போறா. விழுந்துட்டா குதிக்கணுமேன்னு சட்டையைக் கழட்டிட்டு ஜன்னல்லயே நின்னேன். ஆயில் மூடியைத் திறந்து ஊத்தினதையும் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும் தேதியைத் தள்ளிப் போட எனக்கு மனசு வருமா? என்னை ஏமாத்தி ஜெயிச்சதாவே அவ நினைச்சுக்கட்டும். நீ வாயைத் திறந்துடாதே.”