வெறுங்கால்

ஜாபர் சாதிக் செல்போனை நீட்டினான். "இது ஒங்கய்யாதானடா?"

வினோத்குமார் வாங்கிப் பார்த்தான். மதுரையில் முந்தின நாள் சாயங்காலம் நடந்த பாட்டுக் கச்சேரி வீடியோ. கூட்டம் கையைத் தூக்கி ஆடுகிறது. நடுவில் ஒரு பெரியவர் கண்ணில் கேமராவை ஒட்டிக்கொண்டு படம் எடுக்கிறார். யாரோ ஒரு பையன் அவர் தோளில் கை போட்டிருக்கிறான்.

அய்யாதான்.

"நம்ம ஊர்லயே ஒங்கய்யாதான் யூத்து" என்றான் ஜாபர். வினோத்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா நாகநாதனுக்கு வயிற்றில் கட்டி. மாசம் ஒரு தடவை ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுவார். மருந்து ஏற்றிக்கொண்டு மறுநாள் திரும்புவார். துணைக்கு வருகிறேன் என்றால் கேட்கமாட்டார். மிளகாய்க்காட்டைப் போய்ப் பாருங்கள் என்று விரட்டுவார். நேற்றும் அப்படித்தான் போனார்.

வினோத்குமாருக்கு அம்மாவின் கால்தான் கண்முன்னால் வந்தது.

கட்டி என்று தெரிந்த அன்றைக்கே பாண்டியம்மாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டாள். புருஷன் குணமாகிற வரைக்கும் காலில் செருப்பு ஏறாது, குணமானதும் ராமேஸ்வரத்துக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டுதல். கருவேல முள் கிடக்கிற காட்டில், பங்குனி வெயிலில், வெறுங்காலோடு மிளகாய்ப் பழம் பறிக்கிறாள். குதிகால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. முள் ஏறினால் ஊக்கால் தானே நோண்டி எடுத்துக்கொள்வாள். யாரிடமும் சொல்லமாட்டாள்.

இங்கே இவள் முள்ளில் நடக்கிறாள். அவருக்குக் கச்சேரி கேட்கிறதாக்கும்.

ஏர்வாடிக்கு ரோடு பிரியும் விலக்கில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கிய நாகநாதன் மகனைப் பார்த்ததும் பையை மறுகைக்கு மாற்றினார்.

"கச்சேரி எப்படிய்யா இருந்துச்சு?"

அவர் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வினோத்குமார் பையைப் பிடுங்கித் திறந்தான். மேலே ஸ்கேன் கவர். அடியில், துண்டில் சுற்றி, அவன் காலேஜில் ஆசைப்பட்டு வாங்கிப் பரணில் போட்டுவிட்ட கேமரா.

வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டான். நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்றான். அம்மா காலை ஒரு நாளாவது குனிந்து பார்த்ததுண்டா என்றான். நடுரோடு என்றும் பார்க்கவில்லை.

எல்லாம் முடியட்டும் என்று இருந்துவிட்டு நாகநாதன் வாயைத் திறந்தார்.

"தை மாசமே டாக்டர் கைய விரிச்சிட்டாருலே. இனிமே மருந்து ஏத்தி ஒடம்பப் புண்ணாக்க வேணாம், வீட்டுல இருங்கன்னுட்டாரு."



அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லையாம். கால் போன போக்கில் நடந்தாராம். ஒரு மைதானத்தில் பாட்டுச் சத்தம். போய் நின்றாராம். அங்கே ஒருத்தரும் அவரைச் சீக்காளியாகப் பார்க்கவில்லை. அடுத்த மாசம் போகும்போது கேமராவையும் எடுத்துக்கொண்டாராம்.

வினோத்குமார் கேமராவில் இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தான். பாடுகிறவர் ஒன்றில்கூட இல்லை. எல்லாம் வாயைத் திறந்து கூடவே பாடுகிற ஜனங்கள். பாதிப் படத்தில் தலை வெட்டுப்பட்டிருந்தது. மீதி ஆடி, மங்கிக் கிடந்தது.

"ஒங்கம்மாட்ட சொல்லிராத. அவ இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா."

"அம்மா காலு?"

"செருப்பப் போடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வருது. ஏன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

வீட்டு வாசலில் பைக் நின்றதும் பாண்டியம்மாள் வந்து பையை வாங்கிக்கொண்டாள். மருந்து நல்லபடியாக ஏறியதா என்று கேட்டாள். ஏறியது என்றார் அவர். மீன் வாங்கிக் குழம்பு வைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

வினோத்குமார் கீழக்கரைக்கு வண்டியை விட்டு ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்தான்.

அம்மா களத்தில் மிளகாய்ப் பழத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பை அவள் காலடியில் வைத்தான். அய்யாவுக்கு இப்போது பரவாயில்லை, வேண்டுதலை இத்தோடு முடித்துக்கொள், சாமி ஒன்றும் கோவிக்காது என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

பாண்டியம்மாள் செருப்பைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"ஒனக்கும் தெரிஞ்சு போச்சாலே?"

அவன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மருந்து ஏத்திட்டு வந்தா நாலஞ்சு நாளைக்குக் கஞ்சித்தண்ணி கூட எறங்காது அந்த மனுசனுக்கு. தையிலருந்து, வந்ததும் வராததுமா மீன்கொழம்பு கேக்குறாரு. கையில ஊசி குத்துன தடம் இல்ல. எனக்கு வெளங்காதா?" கையிலிருந்த பழத்தை விரித்தபடியே சொன்னாள். "கச்சேரிப் படத்தையெல்லாம் நானும் பாத்தேன். கேமராவுக்குச் சார்ஜ் போட்டு வைக்கிறதே நாந்தான். அதுக்குச் சார்ஜ் போடணும்னே அவருக்குத் தெரியாது."

 எல்லாம் தெரிந்தும் இன்னும் எதற்கு வெறுங்காலோடு நடக்கிறாய் என்று கேட்டான்.

பாண்டியம்மாள் செருப்பை எடுத்துச் சாக்குக்கு அடியில் தள்ளினாள்.

"இதப் போட்டா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்லே. அப்புறம் கச்சேரிக்குப் போவாரா?"